நான்கு அடிக்கு மட்டும் புதுப் பெயின்ட்

காலை எட்டு மணிகூட ஆகவில்லை, அந்த புரோக்கர் மறுபடியும் போன். "மேடம், அந்த முடிச்சூர் வீட்டுக்கு இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க. உங்களுக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். இன்னைக்கே டோக்கன் போட்டுடுங்க." வயிறு எரிகிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டைப் பார்க்கப் போய் அவரிடம் அவ்வளவு பேச்சு பேசி மூன்று நாள்கூட ஆகவில்லை. எதுவுமே நடக்காத மாதிரி எப்படி ஒரு மனுஷரால் போன் பண்ண முடிகிறது?

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து பத்தே நிமிஷம் என்பார்கள். நாற்பது நிமிஷம் ஆகும். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் வந்தாச்சு, மெட்ரோவும் வந்துடும் என்பார்கள். சரி, தொலையட்டும். தண்ணீர் விஷயத்தில் பொய் சொல்வதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த வீட்டு காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தேன். மேலே வெளுத்துப்போன பழைய பெயின்ட். கீழே, என் மார்பளவுக்கு, பளிச்சென்று புதுசு. நூல் பிடித்த மாதிரி நேர்க்கோடு. வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் அதே உயரத்தில் அதே கோடு. ஏன் கீழே மட்டும் அடித்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "பசங்க பந்து விளையாடி அழுக்காக்கிட்டாங்க மேடம்."

பக்கவாட்டில் போனேன். கரண்ட் மீட்டர் பெட்டி என் தலைக்கு மேலே இருக்கிறது. பழைய பெட்டி இருந்த இடத்தில், இடுப்பு உயரத்தில், சிமென்ட் பூச்சு இன்னும் சாம்பல் நிறம் மாறாமல் தெரிகிறது. "குழந்தைங்க கை படக்கூடாதுன்னு மாத்தினாங்க." தண்ணீர் மோட்டாரை மாடிப்படித் திருப்பத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். "திருட்டு பயம் மேடம்." ஹாலில் ப்ளக் பாயின்ட் ஒன்றுகூட என் கழுத்துக்குக் கீழே இல்லை. அதற்கும் ஒரு பதில் இருந்தது, "இப்ப இதான் மாடல்" என்று. ஒரு வீடே வாய்விட்டுச் சொல்கிறது, இவர் அதன் வாயைப் பொத்துகிறார்.

நேராகவே கேட்டேன்: 2015-ல் எவ்வளவு தண்ணீர் வந்தது? "ஒரு சொட்டு நிக்கல மேடம், நான் கேரண்டி." 2015 டிசம்பர் ஒன்றாம் தேதி மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். அடையாறு கரை தாண்டி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கி, ஜனங்களைப் படகில் மீட்டதை ஊரே டிவியில் பார்த்தது. அந்தத் தெருவில் நின்றுகொண்டே என் முகத்தைப் பார்த்து ஒரு சொட்டு இல்லை என்கிறார்!

எதிர் வீட்டில் கோலப்பொடி டப்பாவோடு நின்ற பாட்டிதான் கூப்பிட்டார். "ஏம்மா, வாங்க வந்திருக்கீங்களா?" உள்ளே அழைத்துப் போய் பீரோவைக் காட்டினார். அதன் நாலு காலுக்கும் கீழே இரண்டிரண்டு ஹாலோ பிளாக். அப்புறம் தன் கையைத் தோளுக்கு நேராக வைத்து, "இது வரைக்கும் வந்துச்சு. கல்யாண போட்டோ எல்லாம் போச்சும்மா" என்றார். அந்தக் கை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. புரோக்கர் வாசலிலேயே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டால் பேப்பரை நீட்டுகிறார்கள். பட்டா கிளியர், முப்பது வருஷ வில்லங்கம் கிளியர், அப்ரூவல் கிளியர். இதில் எந்தக் காகிதத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்று எழுதியிருக்கிறது? ஊர்ப் பெயரே நமக்குச் சொல்லும், காது கொடுத்தால். தாங்கல் என்றால் ஏரி. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்று தெருக்கள் இருக்கின்றன, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரியைத்தான் காணோம். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் என்ற உலகளாவிய சதுப்பு நிலப் பட்டியலில் சேர்ந்தது. அதற்குள் அதில் பெரும்பகுதியைக் குப்பைமேடும் கட்டடங்களும் தின்று முடித்துவிட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மிதந்தபோது எல்லோரும் மழையைத் திட்டினார்கள்.

ஐப்பசி கார்த்திகை அடைமழை என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த இரண்டு மாதத்தில் எந்த புரோக்கராவது வீடு காட்டக் கூப்பிட்டிருக்கிறாரா? பங்குனி வெயிலில், மண் வெடித்துக் கிடக்கும்போதுதான் கூப்பிடுவார்கள். அறுபது லட்சம் ரூபாய் வீடு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக ஒன்பது சதவீதம் சேர்த்தால் இன்னும் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். இருபது வருஷக் கடன். என் வீட்டுக்காரருக்கு ஓய்வு வயது வரும்வரை கட்ட வேண்டிய பணம். அதைக் கொண்டுபோய் அந்தக் கோட்டுக்குக் கீழே போடச் சொல்கிறார்.

போனில் கத்தித் தீர்த்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மேடம், அய்யப்பன்தாங்கல்ல ஒண்ணு இருக்கு" என்றார்.