ஜாவாவில் பை ரெஃபரென்ஸே கிடையாது என்றால் சண்டைக்கு வருகிறார்கள்

"இன்ட் எல்லாம் பை வேல்யூ, ஆப்ஜெக்ட் எல்லாம் பை ரெஃபரென்ஸ்." ஜாவா என்ற நிரல் மொழி பற்றிக் கேட்டால் நேர்காணலுக்கு வருகிறவர்கள் மூச்சு விடாமல் ஒப்பிக்கிற வரி இது. அதாவது இன்ட் (முழு எண்) மாதிரி எளிய மதிப்பை ஒரு மெத்தடுக்கு (பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நிரல் துண்டு) அனுப்பினால் நகல்தான் போகும், ஆப்ஜெக்ட்டை அனுப்பினால் அசல் வேரியபிளே போகும் என்று. நானும் சில வருடம் ஒப்பித்தவன்தான். ஆனால் தப்பு.

சந்தேகமிருந்தால் இரண்டு ஆப்ஜெக்ட்டை வாங்கி இடம் மாற்றுகிற ஸ்வாப் மெத்தட் ஒன்றை ஜாவாவில் எழுதிப் பாருங்கள். உள்ளே இடம் மாறும். வெளியே வந்து பார்த்தால் இருந்தது இருந்தபடியே இருக்கும். சி பிளஸ் பிளஸில் இரண்டு பாராமீட்டருக்கும் ஆளுக்கொரு ஆம்பர்சண்ட் (&) போட்டால் போதும், நிஜமாகவே மாறிவிடும்.

ஆப்ஜெக்ட்டை வீடு என்றும் அதைச் சுட்டுகிற வேரியபிளைச் சாவி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஜாவா கொடுப்பது வீட்டையும் இல்லை, உங்கள் சாவியையும் இல்லை. சாவிக்கு ஒரு டூப்ளிகேட். அதை வைத்து உள்ளே போய் நாற்காலியை நகர்த்தலாம், நகர்த்தினது உங்களுக்கும் தெரியும். ஆனால் டூப்ளிகேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டால் உங்கள் சாவிக்கு ஒன்றும் ஆகாது. பைத்தானிலும் இதே கதைதான். 1970களிலேயே சிஎல்யூ மொழியை உருவாக்கும்போது கணினி விஞ்ஞானி பார்பரா லிஸ்கோவ் குழுவினர் இதற்கு 'கால் பை ஷேரிங்' என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். நாம்தான் இன்னும் பழைய இரண்டு பெயரை வைத்தே மல்லுக்கட்டுகிறோம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் கதை. பட்டியலைக் காலி செய்ய ஒரு மெத்தட் எழுதினேன். உள்ளே ஒரே வரி: வந்த பாராமீட்டருக்குப் புது அரேலிஸ்ட்டை (காலிப் பட்டியலை) அசைன் செய்வது. கம்பைல் ஆனது, எரர் இல்லை, பட்டியலும் காலியாகவில்லை. ஒரு நாள் முழுக்க டேட்டாபேஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். கிளியர் என்று ஒரு வார்த்தையில் முடிந்திருக்க வேண்டிய வேலை!

நிஜமான பை ரெஃபரென்ஸ் உள்ள மொழிகளில் எனக்குப் பிடித்தது சி ஷார்ப் செய்கிற விதம். மெத்தடில் மட்டுமல்ல, கூப்பிடுகிற இடத்திலும் ரெஃப் என்று எழுதினால்தான் கம்பைலர் விடும். படிக்கிறவனுக்கு அந்த வரியிலேயே தெரிந்துவிடும், இந்த வேரியபிள் திரும்பி வரும்போது வேறாக இருக்கலாம் என்று. சி பிளஸ் பிளஸில் அதற்கு டிக்ளரேஷனைத் தேடிப் போக வேண்டும். விஷுவல் பேசிக் 6 இன்னும் மோசம், ஒன்றும் சொல்லாவிட்டால் பைரெஃப்! டாட் நெட்டுக்கு வந்தபோது அதைப் பைவேலாக மாற்றினார்கள், புண்ணியம்.

ஆனாலும் ரெஃபை நான் அதிகம் தொடுவதில்லை. எழுத்தை எண்ணாக மாற்றிப் பார்க்கிற டிரைபார்ஸ் மாதிரி இடத்தில், ரெஃபுக்குச் சொந்தக்காரனான அவுட் சரி. மற்றபடி மாறின மதிப்பை ரிட்டர்ன் செய்துவிட்டுப் போகலாமே? சொல்லப்போனால் ஸ்வாப் மெத்தடை வேலையில் ஒருமுறைகூட எழுத வேண்டி வந்ததில்லை. நேர்காணலில் கேட்பதோடு சரி.