காசு வந்துதான் கெட்டுப்போச்சாம்ல!

பசங்களுக்குக் காசு குடுக்க ஆரம்பிச்சதுல இருந்து காலேஜ் ஃபுட்பால் நாசமாப் போச்சுன்னு சீசன் முழுக்க யாராவது ஒருத்தர் என் காதுல வந்து புலம்பிட்டே இருக்காங்க. ஆபீஸ்ல, மேட்ச் அன்னைக்கு பார்க்கிங் லாட்ல கிரில் போட்டு பர்கர் சுடுற எடத்துல, முடிவெட்டுற கடைல கூட. வெள்ளைக்காரப் பெரிசுங்க புலம்புனா சரி, அவங்க தாத்தா காலத்துல இருந்து பாக்குறாங்க. நம்மாளு ஒருத்தர், ஈரோட்டுக்காரர், கையில சிக்கன் டிக்காவ வெச்சுக்கிட்டு "அந்தக் காலத்துல காலேஜ் மேல இருந்த பாசத்துக்காக ஆடுனாங்க ப்ரோ"ங்கறார். அந்தக் காலத்துல நீங்க காவேரில குளிச்சிட்டு இருந்தீங்களேண்ணே.

ஊர்ல இருக்கறவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஒருத்தன் மேல ஒருத்தன் போய் முட்டுவாங்களே, அந்த ஆட்டம். அம்மா வீடியோ கால்ல பாத்துட்டு "என்னடா எல்லாரும் சேந்து ஒருத்தன் மேல விழுந்து படுத்துக்கிறாங்க, அந்தப் புள்ளைக்கு மூச்சு முட்டாதா"ன்னு கேட்டாங்க, அதேதான். நான் மாஸ்டர்ஸ் படிச்சது கொலம்பஸ்ல, ஓஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டி. 1922ல தொறந்த ஸ்டேடியம், லாடம் மாதிரி வளைஞ்சிருக்கும், 1,02,780 பேர் உக்காரலாம், சேப்பாக்கத்த விட ரெண்டு மடங்குக்கும் மேல. ஆடுறவன் பூராப் பயலும் காலேஜ் ஸ்டூடன்ட். படிக்க வந்த புதுசுல சனிக்கிழமை லைப்ரரிக்குப் போலாம்னு கெளம்பி ஹை ஸ்ட்ரீட்ல ஊரே செவப்பு சட்டைல நடந்து போறதப் பாத்து ஏதோ கட்சி மாநாடுன்னு நெனச்சேன்.

அதுக்கப்புறம் பைத்தியம் புடிச்சிருச்சு, மறைக்க ஒண்ணும் இல்ல. எங்காளுங்க எந்த ஊர்ல பாத்துக்கிட்டாலும் ஒருத்தன் "ஓ ஹெச்"னு கத்துனா இன்னொருத்தன் "ஐ ஓ"ன்னு கத்தியே ஆகணும், ரெண்டும் சேந்தா OHIO. சென்னை ஏர்போர்ட் இமிக்ரேஷன் வரிசைல எங்க டீம் தொப்பி போட்ட ஒரு தெலுங்குப் பையனப் பாத்து நான் "ஓ ஹெச்"ன்னேன், அவன் "ஐ ஓ"ன்னான், நடுவுல நின்ன ஒரு மாமி பைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டாங்க.

எங்களுக்கு ஒரு ஜென்ம விரோதி, மிச்சிகன். இந்தப் பேர நான் எழுதுறது இதுதான் மொதலும் கடைசியும், ஊர்க்காரங்களுக்குப் புரியணுமேன்னு. கொலம்பஸ்ல யாரும் அந்தப் பேரச் சொல்லமாட்டாங்க, "வடக்க இருக்குற அந்த டீம்"னுதான் சொல்லுவாங்க. எங்க ஆச்சி கடைசி வரைக்கும் தாத்தா பேரச் சொல்லாம "அவுக"ன்னே ஓட்டுனாங்கல்ல, அந்த மாதிரி, ஆனா மரியாதை மட்டும் கெடையாது. 1897ல இருந்து ஆடிட்டு இருக்காங்க. இப்பல்லாம் நவம்பர் கடைசியில தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச சனிக்கிழமை. அந்த வாரம் கேம்பஸ்ல இருக்குற போர்டுல எல்லாம் எம் எழுத்து மேல செவப்பு டேப்ப ஒட்டி அடிச்சுடுவாங்க. பிஎச்டி படிக்கிறவன்லாம் ஏணி போட்டு ஏறி ஒட்டுறான்.

என் தங்கச்சிக்கு கார்த்திகை மாசத்துல முகூர்த்தம் குறிச்சாங்க, சரியா அந்த சனிக்கிழமைக்கு மறுநாள் விடியக்காலைல. இங்க மத்தியானம் 12ன்னா அங்க ராத்திரி 10.30. மாப்பிள்ளை அழைப்பு முடிஞ்சு எல்லாரும் பந்தில உக்கார, நான் சமையக்கட்டு பக்கத்துல ஜெனரேட்டர் ஓரமா போனோட நிக்கிறேன். சித்தப்பா வந்து "ஷேர் மார்க்கெட்டா மாப்ள, விழுந்துருச்சா"ங்கறார், என் மூஞ்சி அப்படி இருந்திருக்கு. அமெரிக்காவுல தெற்குப் பக்கம் இதுக்குன்னே செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் சனிக்கிழமைல கல்யாணம் வெச்சா சொந்தக்காரனே திட்டுவான். பஞ்சாங்கத்துல ராகுகாலம் போடுற மாதிரி இதையும் போட்டுட்டா நமக்கும் நல்லது.

சரி, காசு கதைக்கு வர்றேன்.

2010 சீசன் முடியுற நேரம் எங்க டீம் பசங்க அஞ்சு பேரு மாட்டுனாங்க. என்ன குத்தம்னா அவங்களுக்குக் கெடச்ச மோதிரம், ஜெர்சி இதையெல்லாம் வித்து காசு வாங்குனாங்க, சில பேரு அதுக்குப் பதிலா பச்சை குத்திக்கிட்டாங்க. வித்ததுல "தங்கக் கால்சட்டை"யும் உண்டு. வடக்க இருக்குற அந்த டீம ஜெயிச்சா ஒவ்வொரு பையனுக்கும் கால்சட்டை மாதிரியே ஒரு குட்டித் தங்கப் பதக்கம் குடுப்பாங்க, 1934ல இருந்து வர்ற பழக்கம். அவன் ஆடி ஜெயிச்சு அவனுக்குக் குடுத்த பொருள், அத அவன் வித்தா தப்பு. அஞ்சு பேருக்கும் அடுத்த சீசன்ல அஞ்சு மேட்ச் தடை, விசயம் தெரிஞ்சும் மறைச்சார்னு கோச் ஜிம் ட்ரெஸ்ஸல் 2011ல ராஜினாமா, 2010ல ஜெயிச்ச மேட்ச் எல்லாம் ரெக்கார்ட்ல இருந்து அழிச்சாச்சு. கொடுமை என்னன்னா 2012ல 12க்கு 12 ஜெயிச்ச டீம், சீசன் முடிவுல ஆடவேண்டிய பெரிய மேட்ச் எதுவும் ஆடக்கூடாதுன்னு வீட்ல உக்காரவெச்சுட்டாங்க. அந்த 2012 டீம்ல பாதிப் பேருக்கு இந்தக் கதைல ஒரு சம்பந்தமும் இல்ல.

இதே நேரத்துல அதே பையன் நம்பர் போட்ட ஜெர்சிய யுனிவர்சிட்டி கடைல வித்துட்டு இருந்தாங்க. டிவிக்காரன் குடுக்குற காசு, டிக்கெட் காசு எல்லாம் எங்கயோ போய்ட்டுதான இருந்துச்சு? கோச்சுக்குப் போச்சு. அமெரிக்காவுல முக்காவாசி மாநிலத்துல அதிக சம்பளம் வாங்குற அரசு ஊழியர் கவர்னர் கெடையாது, ஏதோ ஒரு யுனிவர்சிட்டி கோச்தான். எங்க கோச் ரையன் டேவுக்கு 2025ல போட்ட கான்ட்ராக்ட் வருசத்துக்கு 1.25 கோடி டாலர். டெக்சாஸ் ஏ அண்ட் எம்ல 2023ல ஜிம்போ ஃபிஷர வேலைய விட்டு அனுப்புறதுக்கே ஏழரைக் கோடி டாலருக்கு மேல குடுக்கவேண்டி வந்துச்சு. வேலை செய்யாம இருக்குறதுக்கு ஏழரைக் கோடி! அப்ப எந்தப் பெரிசும் "காசு வந்து கெட்டுப்போச்சு"ன்னு கிரில் பக்கத்துல நின்னு அழுவல.

2021ல சுப்ரீம் கோர்ட் ஒம்போது ஜட்ஜும் ஒண்ணா சேந்து, படிப்பு சம்பந்தமா பசங்களுக்குக் கெடைக்கிறதுக்கு இப்படி வரம்பு போட்டு வெக்கக்கூடாதுன்னாங்க. அந்த வருசம் ஜூலை 1ல இருந்து தன் பேரையும் மூஞ்சியையும் வெச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம்னு விட்டாங்க. 2025 ஜூன்ல இன்னொரு கேஸ் முடிஞ்சு இப்ப யுனிவர்சிட்டியே நேரா எல்லா ஆட்டக்காரங்களுக்கும் சேத்துப் பிரிச்சுக் குடுக்கலாம், மொத வருசமான 2025-26க்கு 2.05 கோடி டாலர் வரைக்கும். காலேஜ் ஃபுட்பால்ல வருசத்தோட சிறந்த ஆட்டக்காரருக்குக் குடுக்குறது ஹைஸ்மன் ட்ராஃபி, 2010ல இதே மாதிரி காசு விவகாரத்துல அதத் திருப்பிக் குடுத்த ரெஜி புஷ்ங்கற ஆட்டக்காரருக்கு 2024ல அத மறுபடி குடுத்துட்டாங்க. பதினாலு வருசம் கழிச்சு. எங்க பச்சை குத்துன பசங்களுக்கு யாரு என்னத்தத் திருப்பிக் குடுக்கறது?

இதுல நம்ம ஜாதி ஒண்ணு இருக்கு, வெளிநாட்டுல இருந்து படிக்க வர்றவங்களுக்குக் குடுக்குற எஃப்-1 விசா ஜாதி. நான் படிக்கும்போது டைனிங் ஹால்ல தட்டு கழுவுனேன், வாரத்துக்கு 20 மணி நேரம், அதுக்கு மேல ஒரு நிமிசம் செஞ்சாலும் பயம். இங்க பல டீம்ல பந்த ஒசர உதைக்கிற பன்ட்டர் ஆஸ்திரேலியாக்காரன், எங்க டீம்ல 2025ல ஆடுனவனும்தான். அவனும் எஃப்-1. பக்கத்து லாக்கர்ல இருக்குற ஓஹையோ பையன் கார் கம்பெனி விளம்பரத்துல நடிச்சு கார ஓட்டிட்டு வர்றான், இவன் அதே விளம்பரத்துல அமெரிக்காவுல நின்னு நடிச்சா விசாவுக்கே வம்பு வரும். அந்தப் பன்ட்டரப் பாக்கும்போதெல்லாம் எனக்கு டைனிங் ஹால் சோப்பு வாசனை வருது. அவன் உதைச்சா நான் மட்டும் எந்திரிச்சு கைதட்டுவேன், பக்கத்துல உக்காந்திருக்கவன் "நாம பந்த விட்டுக்குடுக்குறோம்டா, எதுக்குக் கைதட்டுற"ம்பான்.

நெசமாவே இந்த ஆட்டத்தக் கெடுத்தது எதுன்னு கேட்டா டிவி ஒப்பந்தத்துக்காக ஊர ஒடைச்சதுதான். 1915ல ஆரம்பிச்ச பசிபிக் பக்கத்து லீக் 2024ல சிதறிப் போச்சு. லாஸ் ஏஞ்சலஸ் டீம் ரெண்டும் இப்ப எங்க லீக்ல, நியூ ஜெர்சி வரைக்கும் பறந்து வந்து ஆடணும். கலிஃபோர்னியாவுல இருக்குற ஸ்டான்ஃபோர்டு அட்லான்டிக் கடற்கரை லீக்ல இருக்கு, புவியியல் வாத்தியாருங்க யாரும் இந்தப் பக்கம் வந்துடாதீங்க. ஃபுட்பால் பசங்க வாரத்துக்கு ஒரு தடவ தனி விமானத்துல போய்ட்டு வந்துடுவாங்க. அதே யுனிவர்சிட்டில வாலிபால் ஆடுற பொண்ணுங்க? வார நடுவுல மேட்ச், நாட்டுக்கு அந்தப் பக்கம் போய்ட்டு ராத்திரி திரும்பி வந்து காலைல பரிட்சை. அந்தப் பொண்ணுங்களுக்காக ஒரு பெரிசும் புலம்பி நான் கேக்கல.

இன்னொண்ணும் இருக்கு, அதச் சொன்னா கிரில் பக்கத்துல யாரும் நிக்கமாட்டாங்க. மூளை. பாஸ்டன் யுனிவர்சிட்டிக்காரங்க 2017ல வெளியிட்ட ஆராய்ச்சில, காலேஜ் வரைக்கும் ஆடி இறந்துபோனவங்க 53 பேர் மூளைய சோதிச்சதுல 48ல அடிபட்டு அடிபட்டு வர்ற சிதைவு இருந்துச்சு. சந்தேகப்பட்ட குடும்பங்கதான் தானமாக் குடுத்தாங்க, அதனால எல்லாருக்கும் இதே கணக்குன்னு சொல்லமுடியாது, சரி. ஆனாலும் 48. இது தெரிஞ்சும் நான் பாக்குறேன், சனிக்கிழமை ஆனா செவப்பு சட்டைய மாட்டுறேன். அம்மா கேட்ட கேள்விக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல. காசாவது அந்தப் பயலுக்குப் போகட்டும்னு சொல்றதுக்கு இது ஒண்ணே எனக்குப் போதும்.

இந்த ஆட்டத்த எதுக்கு இன்னும் புடிச்சிருக்குன்னா வேற எதுலயும் இவ்வளவு கிறுக்குத்தனத்தையும் இவ்வளவு மனசையும் ஒண்ணாப் பாத்ததில்ல. 2023 டிசம்பர்ல டோஸ்டர்ல சூடு பண்ணித் திங்கற ஒரு பிஸ்கட் கம்பெனி ஸ்பான்சர் பண்ண மேட்ச்ல, அந்த பிஸ்கட் வேசம் போட்ட பொம்மைய பெரிய டோஸ்டருக்குள்ள எறக்குனாங்க, அது சிரிச்சுக்கிட்டே உள்ள போச்சு, அதே மாதிரி வெளிய வந்த நெசப் பெரிய பிஸ்கட்ட ஜெயிச்ச டீம் பிச்சுத் தின்னாங்க. இன்னொரு பக்கம் அயோவா ஸ்டேடியத்துல, பக்கத்துல குழந்தைங்க ஆஸ்பத்திரி இருக்கு, 2017ல இருந்து மொதல் கால்வாசி ஆட்டம் முடிஞ்சதும் மொத்த ஸ்டேடியமும், எதிர் டீம் ஆளுங்களும் சேந்து, திரும்பி ஆஸ்பத்திரி ஜன்னல்ல நிக்கிற புள்ளைங்களுக்குக் கை ஆட்டுவாங்க. எங்க டீம அங்க பாக்கப் போனப்ப நானும் ஆட்டுனேன், அடுத்த நிமிசம் அதே அயோவாக்காரன் என்னைப் பாத்து கெட்ட வார்த்தைல திட்டுனான்.

எங்காளுங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. 2024 நவம்பர் 30, எங்க ஸ்டேடியத்துலயே 13-10னு வடக்க இருக்குற அந்த டீம்கிட்ட தோத்தோம், வரிசையா நாலாவது தடவ. அவனுங்க நடு கிரவுண்டுல கொடி நட வர, அடிதடி, போலீஸ் பெப்பர் ஸ்ப்ரே அடிக்குது. அன்னைக்கு ராத்திரி ஊரே கோச்ச வேலைய விட்டுத் தூக்குன்னு கத்துச்சு. நம்ம ஈரோட்டுக்காரர் வாட்ஸ்அப் குரூப்ல போட்டதயெல்லாம் இங்க எழுதமுடியாது. 2025 ஜனவரி 20 அதே கோச் நோட்ர டாம 34-23னு அடிச்சு நேஷனல் சாம்பியன். குரூப்ல மொதல் ஆளா "நம்ம ரையன் டே ஒரு மேதை"ன்னு போட்டது யாருன்னு நீங்களே கண்டுபுடிச்சிருப்பீங்க. அந்த டீமுக்கு ஏறக்கொறைய 2 கோடி டாலர் செலவாச்சுன்னு யுனிவர்சிட்டியோட விளையாட்டுத்துறைத் தலைவரே சொன்னார், கப்பு வந்தன்னைக்கு மட்டும் காசு வந்து கெட்டுப்போச்சுன்னு அவர் சொல்லல.

சண்டை போடறவங்க கமென்ட்ல வாங்க. சனிக்கிழமை மத்தியானம் 12ல இருந்து 4 வரைக்கும் மட்டும் பதில் வராது. அப்புறம் தமிழ்ச் சங்கத்து அண்ணன்மாரே, தீபாவளி விழாவ ஞாயித்துக்கிழமை வையுங்க, கையெடுத்துக் கும்புடறேன்.