களிக்குப் பிறகு டீ வேண்டாம், ஆரஞ்சு போதும்

எங்கள் தர்மபுரிப் பக்கம் ஒருவர் கையில் ஆரஞ்சுப் பை தொங்கினால், "யாரு ஆஸ்பத்திரில இருக்காங்க?" என்றுதான் முதல் கேள்வி வரும். ஒரு கிலோ ஆரஞ்சு, ஒரு பாக்கெட் பிரெட். நோயாளி நாலு சுளை தின்பார், மீதியைப் பார்க்க வந்தவர்களே உரித்து முடித்துவிடுவார்கள். நன்றாக இருக்கிற ஆள் தினமும் ஆரஞ்சு சாப்பிடுவது இங்கே வழக்கமில்லை. அந்த வழக்கம் வரவேண்டும் என்பது என் கட்சி. அதற்காக, 'தினம் ஒரு ஆரஞ்சு தின்றால் பத்து நோய் ஓடும்' என்று வாட்ஸப்பில் சுற்றுவதை எல்லாம் நம்புகிறவன் இல்லை. நான் சொல்ல வருவது ஒரே ஒரு காரணத்துக்காக: நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு அது சரியான துணை.

நாம் தின்பது ராகிக் களி. தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசல், இல்லையென்றால் கொள்ளு, அவரைக்கொட்டைக் குழம்பு. இதில் கால்சியம் நிறைய இருக்கிறது, இரும்புச் சத்தும் இருக்கிறது. ஆனால் செடியிலிருந்து வரும் இரும்பை உடம்பு லேசில் எடுத்துக்கொள்வதில்லை. ராகியிலும் பயறுகளிலும் உள்ள ஃபைட்டேட், டானின் போன்ற வேதிப்பொருள்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாதிக்கு மேல் அப்படியே வெளியே போய்விடும். அதே சாப்பாட்டோடு வைட்டமின் சி உள்ளே போனால் இரும்பு கரையும் வடிவத்தில் இருக்கும், குடலும் கூடுதலாக உறிஞ்சும். காலையில் ஆரஞ்சு, ராத்திரியில் களி என்றால் இந்தப் பலன் கிடைக்காது. ஒரே வேளையாக இருக்கவேண்டும்.

நாம் செய்வதோ நேர் எதிர். சாப்பிட்டு எழுந்த கையோடு ஒரு டீ. டீயில் இருக்கிற டானினும் இரும்பைக் கட்டிப்போடுகிற சாமான்தான். நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அதற்குக் காரணங்கள் பல. டீ மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிராமத்துச் செவிலியர் கொடுக்கிற இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்குகிற பெண்களைப் பார்க்கும்போது வயிறெரிகிறது. டீயை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், அந்த இடத்தில் ஒரு ஆரஞ்சை உரியுங்கள்.

அளவு என்று கேட்டால், பெரிய ஆண்களுக்கு நாளைக்கு 80 மில்லிகிராம், பெண்களுக்கு 65 மில்லிகிராம் வைட்டமின் சி என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 100 கிராம் சுளையில் ஏறத்தாழ 40 முதல் 50 மில்லிகிராம் இருக்கும். ஒன்று, மிஞ்சினால் இரண்டு பழம். சுளை மேல் ஒட்டியிருக்கும் வெள்ளை நாரைப் பொறுமையாக உரித்தெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நாரும் நல்லதுதான் சாமி, அப்படியே தின்னுங்கள்.

ஜூஸ் வேண்டாம். மூன்று நாலு பழத்தைப் பிழிந்து, நாரை வடிகட்டி வீசி, மேலே இரண்டு கரண்டி சர்க்கரையும் போட்டால் சர்க்கரைத் தண்ணீர்தான் மிச்சம். சுகர் இருக்கிறவர்கள் முழுப் பழமாக ஒன்று சாப்பிடுவதும் இதுவும் ஒன்றில்லை.

பல் விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீரிலும் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013இல் வந்ததே அதற்காகத்தான். அதற்கு முன்பு போர் தண்ணீர் குடித்து வளர்ந்த என் வயதுக்காரர்கள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். ஆரஞ்சுத் தோலால் தேய்த்தால் கறை போகும் என்று யூடியூபில் ஒரு வைத்தியம் ஓடுகிறது. போகாது. அது மேலே படிந்த அழுக்கு இல்லை, பல் உருவாகும்போதே அதன் மேல்பூச்சான எனாமலுக்குள் ஏற்பட்ட கோளாறு. புளிப்பை வைத்துத் தேய்த்தால் இருக்கிற எனாமலும் தேயும். பழம் தின்றவுடனே பல் விளக்கவும் வேண்டாம், வாய் கொப்பளித்தால் போதும்.

ஆரஞ்சு நம் ஊர்ப் பயிர் இல்லை. ஆரஞ்சு விளைகிற நாக்பூர் வழியாக வருகிற அதே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் ஹைதராபாத், பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரி என்று தொட்டு நம் ஊரையும் தாண்டிப் போகிறது. அதனால் சீசனில் விலை குறைவாகக் கிடைக்கும். விலை ஏறினால் விட்டுவிடுங்கள். கொய்யா இருக்கிறது. 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி, ஆரஞ்செல்லாம் அதன் பக்கத்தில் நிற்கமுடியாது. அதுவும் இல்லையா, கீரைக் கடைசலை அடுப்பிலிருந்து இறக்கியபின் அரை எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி கொஞ்சம் வீணாகும். மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரிக்காரர்களிடம் ஆரஞ்சைப் பற்றிப் பேசினால் அடிக்க வருவார்கள், பேசவேண்டிய அவசியமும் இல்லை.

சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. ஆரஞ்சில் பொட்டாசியம் உண்டு, அவர்கள் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது. நெஞ்செரிச்சல்காரர்களும் பார்த்துச் சாப்பிடவேண்டும். ஆனால் சிறுநீரகக் கல் பிரச்சினை இருக்கிறவர்கள் தைரியமாகச் சாப்பிடலாம், இதிலிருக்கும் சிட்ரேட் கல் சேர்வதைத் தடுக்க உதவும். அதை நம்பி வைட்டமின் சி மாத்திரையை 1000 மில்லிகிராம் கணக்கில் விழுங்கினால் கதை தலைகீழ், கல் வரும் வாய்ப்பு கூடும்.

அப்புறம், "சளி பிடிக்குமே" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: சளி வைரஸால் வருகிறது, ஆரஞ்சால் இல்லை. தினமும் வைட்டமின் சி எடுத்தால் சளியே வராது என்பதும் பொய். வந்த சளி கொஞ்சம் சீக்கிரம் போகும், அவ்வளவே. தொண்டை ஏற்கெனவே எரிகிறதென்றால் புளிப்பு கூடுதலாக எரியும், அன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள்.