பயணிகள் கப்பலைத் தலைமன்னாருக்கே விடுங்கள்

நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வரத் தொடங்கிய நாள் முதல், "திருமலைக்கும் (திருகோணமலைக்கும்) ஒன்று விட்டால் என்ன? இவ்வளவு நல்ல இயற்கைத் துறைமுகம் சும்மாதானே கிடக்கிறது" என்று நம்மவர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஆசையில் பிழையில்லை. ஆனால் ரயில்வேக்கள் நடத்திய கப்பல் சேவைகள் ஆழமான துறைமுகத்தைத் தேடிப் போனவை அல்ல. பெரும்பாலும் கடல் எங்கே குறுகலோ அங்கே போனவை.

1914 க்கு முன் சென்னையிலிருந்து இலங்கைக்கு வருபவர் தூத்துக்குடிவரை ரயிலில் வருவார். அங்கே கரையோரம் ஆழமில்லை. சிறு படகில் ஏறி, வெளியே நங்கூரமிட்டிருக்கும் கப்பலுக்குப் போய், இரவெல்லாம் கடலில் கிடந்து கொழும்பில் இறங்க வேண்டும். தென்னிந்திய ரயில்வே பாம்பன் பாலத்தைக் கட்டித் தனுஷ்கோடிவரை தண்டவாளம் போட்டது. இந்தப் பக்கம் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு 106 கிலோமீற்றர் பாதை வந்தது. மிஞ்சிய கடல் சுமார் 35 கிலோமீற்றர். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ் என்ற மூன்று நீராவிக் கப்பல்களையும் ரயில்வேயே ஓட்டியது. ரயில், பியர் எனப்படும் கடலுக்குள் நீண்ட இறங்குதுறைக்கே வந்து நிற்கும். இறங்கி நடந்தால் கப்பல். எழும்பூரிலிருந்து கொழும்பு கோட்டைவரை ஒரே டிக்கெட். தோட்டத் தொழிலாளர்களும் இதே வழியால்தான், மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, மருத்துவச் சோதனை முடிந்து, கூட்டங்கூட்டமாக வந்தார்கள். போட் மெயில் என்று பெயர்பெற்ற இந்த ரயில்–கப்பல் சேவையின் முதல் வகுப்புச் சொகுசை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடுவது அநியாயம்.

அந்தச் சேவையில் ரயில் பெட்டிகளோடு கடலைக் கடக்க வழியிருக்கவில்லை. அந்தக் கரையில் தண்டவாள அகலம் 1000 மில்லிமீற்றர், இந்தக் கரையில் 1676. அதனால் ஒவ்வொரு மூட்டையும் இறக்கி ஏற்றப்பட்டது. இப்போது நிலைமை வேறு. இராமேஸ்வரம் பாதை 2007 இல் அகலப்பாதையாகிவிட்டது; புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. போரில் அழிந்த தலைமன்னார் பாதையும் 2015 மார்ச்சில் பியர் நிலையம்வரை திரும்ப வந்துவிட்டது. இரண்டு கரையிலும் ஒரே அகலம். இடையில் கப்பலும் இல்லை, கப்பல் கட்ட உறுதியான பியரும் இல்லை.

பெட்டிகளையே ஏற்றும் கப்பலுக்கு என்ன தேவை என்று பலர் கேட்கிறார்கள். முதல் தேவை, கரை முனையில் கீல் வைத்த இணைப்புப் பாலம். கடல் மட்டத்தோடு கப்பல் ஏறி இறங்கும்போது இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் அதுதான் பொருத்தி வைக்கும். டோவரில் வற்றுப்பெருக்கு 6 மீற்றர்வரை போகும். ஆகவே 1936 இல் தொடங்கிய லண்டன்–பாரிஸ் இரவு ரயிலுக்காக, கப்பல் நிற்கும் தொட்டியைக் கதவடைத்துப் பம்ப் வைத்து நீர்மட்டத்தைச் சரிசெய்தார்கள். நம் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரும் இல்லை. அந்தச் செலவு நமக்கு வராது.

சிக்கல் பெட்டி ஏற்றும்போதுதான். ஒரு பக்கத் தண்டவாளத்தை மட்டும் நிரப்பினால் கப்பல் அந்தப் பக்கம் சரியும், இணைப்புப் பாலம் முறுகும், சில்லு தண்டவாளத்தை விட்டு ஏறும். ஆகவே முதலில் நடு வரிசை, பிறகு இடமும் வலமும் மாறி மாறி. கூடவே கப்பலின் பக்கத் தொட்டிகளில் தண்ணீரை மாற்றிச் சமப்படுத்த வேண்டும். பாரமான எஞ்சினைப் பாலத்தில் விடக்கூடாது. எஞ்சினுக்கு முன்னால் சில வெற்றுத் தட்டை வண்டிகளைக் கோத்து, அவற்றால் பெட்டிகளை உள்ளே தள்ளுவார்கள். ஏறிய பெட்டி ஒவ்வொன்றையும் தளத்தோடு சங்கிலியால் இறுக்கி, வில் ஆடாதபடி திருகு ஜாக்கி முட்டுக் கொடுக்க வேண்டும். பிரேக்கும் பொருந்த வேண்டும்: இந்தியச் சரக்குப் பெட்டிகள் காற்றுப் பிரேக்கில் ஓடுகின்றன, நம் பழைய பெட்டிகள் பல வேக்கம் பிரேக்கில்.

சரி, திருமலை? இங்கிருந்து நாகபட்டினம் நேர்கோட்டிலேயே சுமார் 280 கிலோமீற்றர். 12 நொட் (மணிக்குச் சுமார் 22 கிலோமீற்றர்) வேகத்தில் 13 மணி நேரம் பிடிக்கும். அதே கப்பல் அதே நாளில் திரும்ப முடியாது. படுக்கை, சாப்பாடு, கூடுதல் மாலுமிகள் எல்லாம் டிக்கெட்டில்தான் ஏறும். உள்துறைமுகம் குளம் போல அமைதியாக இருந்தாலும், குடாவைத் தாண்டினால் திறந்த வங்கக் கடல். காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபர் 14 இல் தொடங்கி, வாடைக்காலம் வருகிறதென்று சில நாட்களிலேயே நின்றது. திரும்ப வர அடுத்த ஓகஸ்ட் ஆனது. வாடையை நேருக்கு நேர் வாங்கும் நம் கரையில் இதைவிட நீண்ட பயணம் எப்படி நிலைக்கும்? 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைத் துடைத்தெடுத்து, 653 ஆம் இலக்க ரயிலையும் பயணிகளோடு கொண்டுபோன புயல், அதற்கு முன் திருமலைப் பக்கமாகத்தான் கரையேறியது. அதன் பிறகும் இராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் 1984 வரை ஓடியதற்குக் கடல் குறுகலாக இருந்தது பெரிய காரணம்.

ஆகவே பயணிகளுக்காகக் குரல் கொடுப்பதானால் தலைமன்னார் பியருக்காகக் கொடுங்கள். திருமலைக்காரர் நமக்கென்று கேட்க வேண்டியது சரக்குப் போக்குவரத்து. 1927 இல் கல்ஓயா ரயில் சந்தியிலிருந்து இங்கே தண்டவாளம் வந்தது. திருமலைத் துறைமுகத்தை ஒட்டிய சீனக்குடாவிலிருந்து கோதுமை மா ரயிலில் போகிறது. கப்பலின் கிரேன் நேரே பெட்டிக்குள் இறக்கும்படி, இறங்குதுறையின் விளிம்புவரை தண்டவாளம் கேளுங்கள். கப்பல் வரும் நாளில் வெற்றுப் பெட்டிகள் அங்கே காத்து நிற்க வேண்டும் என்றும் கேளுங்கள். துறையையும் புகையிரதத்தையும் ஒரே நேர அட்டவணையில் கட்டிப்போட வேண்டும் என்பதை, இவற்றைக் கேட்டு அனுப்பும் மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.