அடுப்படி வேலையும் குடும்ப ஜெபமும்

குடும்ப ஜெபத்தைப் பற்றி நம் சபைகளில் நிறையப் பேசுகிறோம். அது நடக்கிற நேரத்தில் அந்த வீட்டு அம்மா எங்கே இருக்கிறார் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அப்பா வேதப்புத்தகத்தை எடுப்பார், பிள்ளைகள் பாயில் உட்காருவார்கள், கீர்த்தனை ஆரம்பித்துவிடும். அம்மா பாதிப் பாட்டில் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்து ஓரமாக உட்காருவார். ஆமென் சொன்னதும் முதலில் எழுந்து உள்ளே போகிறவரும் அவர்தான்.

எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. அன்றாட வீட்டு வாழ்க்கையில் விசுவாசப் பாடம் இருக்கிறது என்று பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிறோம். அது உண்மையானால், அந்த வாழ்க்கையைக் கையால் தொட்டு நடத்துகிறவர்தானே முதலில் வாய் திறக்க வேண்டும்?

இயேசுவின் உவமைகளைப் பாருங்கள். மாவைப் புளிக்க வைக்கிற பெண். பழைய துணியில் போடுகிற ஒட்டு. அப்பம் கேட்கிற பிள்ளை. நடு ராத்திரியில் கதவைத் தட்டுகிறவனிடம், "பிள்ளைகள் என்னோடு படுத்திருக்கிறார்கள், எழுந்திருக்க முடியாது" என்று சொல்கிற அப்பா. ஊழியத்தைத் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய 30 வயது என்று லூக்கா எழுதுகிறார். அதற்கு முன்னால் நாசரேத்தில், தம்பி தங்கைகள் நிறைந்த ஒரு வீட்டில் அவர் வளர்ந்தார். அந்த வீட்டை அவர் எவ்வளவு கவனித்திருக்கிறார் என்பது அவர் சொன்ன கதைகளிலேயே தெரிகிறது.

லூக்கா 15-ஐ எடுத்துக்கொள்வோம். காணாமல் போன ஆடு, காணாமல் போன காசு, காணாமல் போன மகன். மூன்றிலும் தேடுகிற, காத்திருக்கிற மனசு கடவுளுடையது. ஆட்டைத் தோளில் சுமந்து வரும் மேய்ப்பன் படம் நம் வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, மூலை மூலையாகக் காசைத் தேடுகிற பெண்ணின் படத்தை ஒரு வீட்டிலும் நான் பார்த்ததில்லை. கையில் துடைப்பத்தோடு நிற்கிற ஒரு பெண்ணைக் கடவுளுக்கு ஒப்பாகச் சொல்ல இயேசு தயங்கவில்லை. நாம்தான் அந்தக் கதையை வேகமாகத் தாண்டி இளைய குமாரனிடம் போய்விடுகிறோம்.

என் ஆச்சி பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. உலைக்கு அரிசி அளந்து போடும்போது அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு பானையில் போடுவார். பிடி அரிசி. கோயிலுக்குப் போகும் காணிக்கை அது. எங்கள் பக்கத்தில் பல சபைகளுக்கு இந்தப் பழக்கம் தெரியும். சமைத்து, சாப்பிட்டு, மிஞ்சியதைக் கொடுப்பது இல்லை. உலையில் போடுவதற்கு முன்பே, அன்றைய சோற்றிலிருந்தே எடுப்பது. அரிசி குறைவாக இருந்த நாளிலும் அந்தப் பிடி போகும், அன்று ஆச்சியின் தட்டில் சோறு கொஞ்சம் குறையும். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எனக்கு அது விளங்கியது ஆச்சியின் பானையைப் பார்த்துத்தான். ஆனால் அவரிடம் யாரும், "இதை ஏன் இப்படிச் செய்கிறீர்கள், கொஞ்சம் சொல்லுங்கள்" என்று ஜெபத்தில் கேட்டதில்லை.

இப்போது எங்கள் வீட்டில் சாமான் கழுவி, அடுப்பைத் துடைத்து முடிக்கும் வரை வேதப்புத்தகத்தைத் திறப்பதில்லை. எல்லோரும் சேர்ந்து செய்வதால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. வாசித்த பகுதியைப் பற்றி ஆளுக்கொரு நாள் பேச வேண்டும். ஒருநாள் அத்தையின் முறை. மத்தேயு 13, பரலோக ராஜ்யத்தைப் புளித்த மாவுக்கு ஒப்பிடும் உவமை. அத்தை முதலில், "எனக்கு என்னம்மா தெரியும்" என்றார். அப்புறம் சொன்னார்: "மாவ நம்மளால பொங்க வைக்க முடியாது. கரைச்சு வைக்கலாம், சூடான இடம் பாத்து மூடி வைக்கலாம், அவ்வளவுதான். மார்கழியில இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலா ஆகும். அதுக்காகச் சும்மா சும்மா மூடியத் திறந்து பாக்கக் கூடாது." கோயில் பக்கமே வராத ஒரு பிள்ளைக்காகப் பல வருஷமாக ஜெபிக்கிறவர் அவர். அந்தப் பகுதிக்கு இப்படி ஒரு விளக்கத்தை நான் எந்தப் பிரசங்க மேடையிலும் கேட்டதில்லை.

சரி, மார்த்தாளை இழுக்காமல் இந்தப் பேச்சு முடியாது. இயேசு வீட்டுக்கு வந்தபோது அக்கா மார்த்தாள் பணிவிடையில் ஓடிக்கொண்டிருந்தாள், மரியாள் அவர் பாதத்தருகே உட்கார்ந்து கேட்டாள், இயேசு மரியாளைப் பாராட்டினார் என்பது லூக்கா 10-இல் உள்ள கதை. "வேலை வேலை என்று ஓடாமல் மரியாளைப் போல உட்கார்" என்று பெண்களுக்குச் சொல்கிறவர்கள், அவள் உட்கார்ந்தால் அந்த வேலையை யார் செய்வார்கள் என்றும் சொல்ல வேண்டும். அதோடு யோவான் 11-ஐயும் வாசிக்க வேண்டும். சகோதரன் லாசருவைப் புதைத்த துக்கத்தில், "நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று விசுவாசிக்கிறேன்" என்று அறிக்கையிட்டது இதே மார்த்தாள்தான். இயேசுவைக் கிறிஸ்து என்று சொன்ன சீஷன் பேதுருவின் அறிக்கைக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. தன் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பவுலும் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான் பேர் சொல்லி நினைக்கிறார்.

குடும்பத் தலைவர்தான் வீட்டுக்கு ஆசாரியர், அவர்தான் நடத்த வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நடத்தட்டும், ஆனால் ஆண்டவர் நடத்திய விதத்தில் நடத்தட்டும். உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் தயாராக வைத்துவிட்டு, ராத்திரியெல்லாம் வலைபோட்டுக் களைத்தவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். பேதுருவிடம், "என்னில் அன்பாயிருக்கிறாயா" என்று கேட்டதே அவர்கள் சாப்பிட்ட பிறகுதான். நம் ஊர் ஆண்களுக்கும் சமையல் புதிது இல்லை. சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு விடிய விடிய நின்று, பெரிய பெரிய வட்டாக்களில் ஊருக்கே சோறும் குழம்பும் ஆக்குகிறார்கள். அதை ஊழியம் என்று சந்தோஷமாகச் செய்கிறார்கள். அதே கை வீட்டில் ராத்திரி நாலு தட்டைக் கழுவினால் அதுவும் ஊழியம்தான், அம்மாவுக்கும் முதல் பாட்டிலிருந்து உட்கார இடம் கிடைக்கும்.

உங்கள் வீட்டில் ஆச்சியோ அம்மாவோ அத்தையோ ஒரு வசனத்துக்குச் சொன்ன விளக்கம் நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். எங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் வாசிக்க ஆசைப்படுகிறேன்.