கேமரா கம்பெனிகள் யாரிடமிருந்து மறைக்கின்றன?

புது கேமரா வரப்போகிறது என்று ஒரு வதந்தி கிளம்பினால் போதும், நம் போட்டோகிராபர் குழுக்கள் இரண்டாகப் பிரிந்துவிடும். "வேலை இல்லாதவன் கிளப்பிவிடுறது, வந்த பிறகு பேசுங்கப்பா" என்பது ஒரு கட்சி. கையிலிருக்கும் பாடியை, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவை, அன்று சாயங்காலமே விற்பனைக்குப் போட்டுவிடுவது இன்னொரு கட்சி. நான் மூன்றாவது கட்சி. வதந்தி இருக்கட்டும், இன்னும் நிறைய வரட்டும் என்கிற கட்சி. திட்டுவதற்கு முன்னால் காரணத்தைக் கேட்டுவிடுங்கள்.

எதற்காக இவ்வளவு ரகசியம் என்று கேட்டால், போட்டிக் கம்பெனிக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1985-இல் நடந்ததைப் பாருங்கள். மினோல்டா 7000 என்ற கேமரா வந்தது. தானாகவே ஃபோகஸ் செய்யும் ஆட்டோஃபோகஸ் மோட்டாரை பாடிக்குள்ளேயே வைத்து, கூடவே லென்ஸ்களையும் வரிசையாக இறக்கினார்கள். மற்ற கம்பெனிகள் ஆடிப்போய்விட்டன. அதன் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? யார் வேண்டுமானாலும் கடையில் ஒன்று வாங்கிப் பிரித்துப் பார்க்கலாம். அப்படியிருந்தும் கேனன் ஈஓஎஸ் 650 என்று உருப்படியான பதிலோடு வருவதற்கு 1987 மார்ச் ஆகிவிட்டது. அதற்காக, லென்ஸை மாட்டும் பழைய எஃப்டி மவுண்டையே கைகழுவ வேண்டியிருந்தது. எஃப்டி லென்ஸாக வாங்கிச் சேர்த்தவர்கள் வயிறெரிந்தது தனிக்கதை.

பொருளையே கையில் வைத்துக்கொண்டும் இரண்டு வருடம் ஆகிறது என்றால், வெளியீட்டுக்கு ஆறு வாரம் முன்னால் மெகாபிக்சல் எண் கசிந்து போட்டிக் கம்பெனி என்ன கிழித்துவிடப் போகிறது? விளம்பர வாசகத்தை மாற்றலாம், விலையில் கொஞ்சம் விளையாடலாம், அவ்வளவுதான். இத்தனைக்கும் இன்று நிக்கான், ஃபியூஜி கேமராக்கள் பலவற்றுக்கு சென்சார் செய்து தருவதே சோனியின் சில்லு நிறுவனம். போட்டியாளர் வீட்டு அடுப்பிலேயே சமையல் நடக்கிறது, ஊருக்கு மட்டும் கதவைச் சாத்துகிறார்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். லென்ஸ் விஷயத்தில் இந்த ரகசியம் எங்கே போகிறது? நிக்கான் 2018 ஆகஸ்டில் இசட்7, இசட்6 என்ற இரண்டு கேமராக்களை அறிவித்தபோதே, 2021 வரை என்னென்ன லென்ஸ் வரும் என்று அட்டவணை போட்டுக் காட்டியது. ஃபியூஜியும் பல வருடம் அதைச் செய்திருக்கிறது. போட்டியாளர் பயம் நிஜமென்றால் லென்ஸையும் அல்லவா மறைக்க வேண்டும்? அடுத்த வருடம் முகத்தை நெருக்கி எடுக்கும் 85 எம்எம் லென்ஸ் வருகிறது என்று தெரிந்தால் நீங்கள் இன்றைக்கு அகலமாக எடுக்கும் 35 எம்எம் வாங்குவதை நிறுத்தமாட்டீர்கள். சொல்லப்போனால் அந்தத் தைரியத்தில் பாடியையே வாங்குவீர்கள். பாடி அப்படியில்லை. அடுத்தது வருகிறது என்ற பேச்சு எழுந்த நிமிஷமே இப்போதிருப்பது கிடங்கில் தேங்கிவிடும்.

கம்ப்யூட்டர் உலகில் இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1981-இல் ஆஸ்போர்ன் 1 என்ற தூக்கிச் செல்லும் கம்ப்யூட்டர் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. 1983-இல் அந்தக் கம்பெனி அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டியே வாயைத் திறந்தது. பழையதை யாரும் சீந்தவில்லை. அதே வருடம் செப்டம்பரில் திவால். வேறு காரணங்களும் இருந்தன என்று பிற்பாடு விவாதித்தார்கள். ஆனால் அடுத்ததைப் பற்றி வாயைத் திறக்காதே என்ற பாடம் எல்லாக் கம்பெனிகளுக்கும் நன்றாக ஏறிவிட்டது.

ஆக, இந்த ரகசியம் போட்டியாளருக்கு எதிரானது இல்லை. பழைய மாடலைக் கடைசியாக வாங்கப்போகிறவருக்கு எதிரானது. அவர் விஷயம் தெரியாமல் முழு விலை கொடுக்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு பாதுகாப்பு.

எனக்குத் தெரிந்த கல்யாண போட்டோகிராபர் ஒருவர் வைகாசி முகூர்த்தங்களை நம்பித் தவணையில் ஒரு பாடி எடுத்தார். கடையில் அமோக ஆஃபர்: பை இலவசம், மெமரி கார்டு இலவசம், கூடுதல் பேட்டரி இலவசம். அடுத்த மாதமே அந்த மாடலின் வாரிசு வந்துவிட்டது. பழையதன் விலை மளமளவென்று சரிந்தது, தவணை மட்டும் சரியவில்லை. கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியவில்லை, அவருக்கே தெரியாது. சரக்கைத் தலையில் கட்டியது மேலே இருப்பவர்கள். அதிலிருந்து எனக்கு ஒரு கணக்கு: பாடியோடு இலவசங்கள் கூடிக்கொண்டே போனால் கம்பெனி எதையோ காலி செய்கிறது என்று அர்த்தம்.

அந்த இலவசப் பையைவிட நல்ல அடையாளங்களைத் தருவது வதந்திக்காரர்கள்தான். எல்லா வதந்தியும் ஒரே ரகமில்லை, அதுதான் பலருக்குப் புரிவதில்லை. வைஃபையோ ப்ளூடூத்தோ உள்ள எந்தப் பொருளையும் விற்பதற்கு முன்னால் பல நாடுகளில் அங்குள்ள அலைக்கற்றை அமைப்பில் பதிவு செய்தாக வேண்டும். தென்கொரியாவிலும் தைவானிலும் சீனாவிலும் அப்படிப் பதிவாகும் எண்களை உட்கார்ந்து தேடிப் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். சோனி என்றால் டபிள்யூடபிள்யூ என்று தொடங்கி ஆறு இலக்கம், கேனன் என்றால் டிஎஸ்126 என்று தொடங்கும். மாடல் பெயர் அதில் இருக்காது, ஆனால் ஏதோ ஒன்று வருகிறது என்பது உறுதி. அமெரிக்காவில் இந்த வேலையைப் பார்க்கும் எஃப்சிசி என்ற அரசு அமைப்பு, பொருளின் படங்களையும் கையேட்டையும் 180 நாள் வரை வெளியிடாமல் வைத்திருக்கக் கம்பெனிகளுக்குச் சலுகையே தருகிறது. அந்தப் பதிவு எண்கள் அரசாங்கப் பதிவேட்டிலிருந்து வருகிற செய்தி, வதந்தி என்றுகூட அதைச் சொல்லக் கூடாது.

இதைவிட எனக்குப் பிடித்தது கேனன் ஆர்3 என்ற கேமராவின் கதை. 2021 ஏப்ரலில், உருவாக்கிக்கொண்டிருக்கிறோம் என்று அறிவித்தார்கள். எத்தனை மெகாபிக்சல் என்று மட்டும் சொல்லவில்லை. வதந்திக்காரர்கள் 30 என்றார்கள், 45 என்றார்கள், ஆளுக்கொரு எண். அந்த வருடம் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் சில போட்டோகிராபர்களிடம் அந்த கேமரா இருந்தது. அதில் எடுத்த படம் இணையத்தில் ஏறியபோது யாரோ அதன் எக்சிஃப் தகவலை, அதாவது படக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் விவரங்களை, திறந்து பார்த்தார்கள். அகலம் 6000, உயரம் 4000. பெருக்கிப் பாருங்கள்: இரண்டு கோடியே நாற்பது லட்சம், அதாவது 24 மெகாபிக்சல். ஐந்தாம் வகுப்புப் பெருக்கலில் ரகசியம் போயிற்று. செப்டம்பரில் அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தபோது அதே எண்தான்.

கம்பெனிகளுக்கு வதந்தி பிடிக்காது என்றும் நினைத்துவிட வேண்டாம். அவர்களே ஊதிவிடுவது தனி வித்தை. 2014 அக்டோபரில் அமெரிக்காவில் கேனன் ஒரு கவுண்ட்டவுன் கடிகாரத்தை ஓடவிட்டது. முடியாததைப் பார் என்கிற மாதிரி ஒரு வாசகம். புது கேமராவா, புது சென்சாரா என்று ஆளாளுக்கு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்ததும் வெளியே வந்தது என்ன தெரியுமா? ஒரு விளம்பரப் பிரசாரம். கேமரா இல்லை, லென்ஸ் இல்லை, ஒரு மூடிகூட இல்லை! வதந்தியை நம்பாதே என்று நமக்கு உபதேசம் செய்பவர்கள் இதற்கு என்ன பெயர் வைப்பார்கள்?

அப்புறம் அந்த வெளியீட்டு நாள் கூத்து. அறிவிப்பு வந்த அதே நிமிஷத்தில் யூடியூபில் இருபது நிமிட விமர்சன வீடியோக்கள் வரிசை கட்டும். முன்பே கேமராவைக் கொடுத்து, சொன்ன நேரம் வரை வாய் திறக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள். விமர்சகருக்குத் தெரியும், எடிட்டருக்குத் தெரியும், விளம்பர ஏஜென்சிக்குத் தெரியும். காசு கொடுத்து வாங்குகிற ஆளுக்கு மட்டும் தெரியக் கூடாது.

சரி, வதந்தியால் கெடுதலே இல்லையா? உண்டு. எங்கும் இல்லாத ஒரு கேமராவை அது உருவாக்கிவிடும். ஆளாளுக்கு ஆசையைச் சேர்த்துக்கொண்டே போவார்கள், கடைசியில் நிஜ கேமரா வரும்போது அது தோற்றுத்தான் ஆக வேண்டும். கேனன் ஆர்1-க்கு அதுதான் நடந்தது. பல வருடப் பேச்சு, ஏகப்பட்ட மெகாபிக்சல் கனவு. 2024 ஜூலை 17 அன்று வந்தது 24 மெகாபிக்சல். விளையாட்டுப் படம் எடுப்பவர்களுக்கு அது போதும், அவர்களுக்காகத்தான் செய்தார்கள். ஆனாலும் கேமராவைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள் ஏமாந்துவிட்டோம் என்று புலம்பினார்கள். மாறாக, 2020-இல் கேனன் ஆர்5 மிகத் துல்லியமான எட்டு-கே வீடியோ எடுக்கும் என்று வதந்தி வந்தபோது பலர் நம்பவில்லை. அது நிஜமாகிவிட்டது. ஆனால் சூடேறிப்போய், 23 டிகிரி அறையிலேயே எட்டு-கே சுமார் 20 நிமிடம்தான் ஓடும் என்ற விவரம் அந்த வதந்தியில் இல்லை. நம் ஊர் மண்டபத்தில், வீடியோ லைட்டுக்குக் கீழே நிற்கிறவனுக்கு அந்த எண்தான் முக்கியம். எப்போது வருகிறது என்பதில் வதந்தியை நம்பலாம், எப்படி வேலை செய்யும் என்பதில் நம்ப வேண்டாம் என்பது இதனால்தான்.

முன்கூட்டியே சொன்னால் கம்பெனி மூழ்கிவிடும் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். 2020 பிப்ரவரியில் நிக்கானின் உச்ச மாடலாக டி6 சுமார் 6,500 டாலருக்கு வந்தது. அடுத்த வருடம் மார்ச்சிலேயே புதிய உச்ச மாடலான இசட்9 உருவாகிறது என்று அவர்களே அறிவித்துவிட்டார்கள். அக்டோபர் 28 அன்று இசட்9 வந்தபோது விலை சுமார் 5,500 டாலர். டி6 வாங்கியவர் அழுதிருப்பார், மறுக்கவில்லை. ஆனால் அந்த மார்ச்சுக்குப் பிறகு டி6 வாங்கியவர் கண்ணைத் திறந்துகொண்டு வாங்கினார். நிக்கான் மூழ்கவில்லை, 2024-இல் சினிமா கேமரா செய்யும் ரெட் கம்பெனியையே வாங்கும் நிலையில்தான் இருந்தது.

முன்னால் சொல்ல மனமில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. ஒருவர் பாடி வாங்கி மூன்று மாதத்துக்குள் அதன் அடுத்த மாடலை இறக்கினால், விலை வித்தியாசத்தில் ஒரு பங்கை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள், அல்லது பழையதை எடுத்துக்கொண்டு புதியதைச் சலுகையில் கொடுங்கள். பில்லில் தேதி இருக்கிறது, பாடியில் சீரியல் எண் இருக்கிறது, கணக்குப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. எத்தனை நாள் வேண்டுமானாலும் ரகசியம் காத்துக்கொள்ளுங்கள், அதற்கான செலவு உங்கள் கணக்கில் போகட்டும், தவணை கட்டுகிறவன் தலையில் வேண்டாம்.