பிக் பாஸிலிருந்து கமல் 'துரத்தப்பட்டாரா'?

"எட்டாவது சீசன் தொடங்கும் நேரத்தில் கமலை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிவிட்டு விஜய் சேதுபதியைக் கொண்டுவந்தார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் மறுபடியும் சுற்றுகிறது. அதை வைத்து ஆண்டவர் ரசிகர்களும் மக்கள் செல்வன் ரசிகர்களும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தகவல் தவறு. 2024 ஆகஸ்ட் 6 அன்று கமல்ஹாசனே தன் எக்ஸ் பக்கத்தில் அறிக்கை வெளியிட்டார். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சினிமா வேலைகளால் அடுத்த சீசனைத் தொகுக்க முடியவில்லை, சின்ன இடைவெளி எடுக்கிறேன் என்பதுதான் அதன் சாரம். எட்டாவது சீசன் தொடங்கியது அக்டோபர் 6 அன்று. இடையில் முழுசாக இரண்டு மாதம்! இதில் ராத்திரி எங்கே வந்தது?

அப்புறம், 'கமல் இடத்தில் வேறு யாரும் நின்றதே இல்லை' என்ற வரியும் அந்த வாட்ஸ்அப் தகவலில் இருக்கிறது. அதுவும் தவறு. 2021 நவம்பரில் அவருக்குக் கொரோனா வந்தபோது ரம்யா கிருஷ்ணன் தொகுத்தார். 2022இல் ஓடிடியில் வந்த 'பிக் பாஸ் அல்டிமேட்'டிலிருந்து கமல் பாதியில் விலக, சிம்பு வந்தார். அப்போதும் படப்பிடிப்புத் தேதிகள்தான் காரணமாகச் சொல்லப்பட்டன.

யார் நன்றாகத் தொகுக்கிறார் என்று சண்டை போடுங்கள், அது ரசனை. எனக்கே கமலின் சனிக்கிழமை பேச்சுகள் சில நேரம் நீளம்தான். ஆனால் இந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் அவருடைய எக்ஸ் பக்கத்தில் அந்தத் தேதிக்குப் போய்ப் பாருங்கள். மறுநாள் நாளிதழ்களிலும் செய்தி இருக்கிறது.